தலைவலியும் தைரியமும்

அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு தோழர், ஓர் அம்மையார், நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவருக்குப் பன்னிரண்டு வருஷ காலமாக ஒற்றைத் தலைவலி. மாதத்தில் நாலைந்து நாள் ஜன்னலை அடைத்துவிட்டு, வாந்தி எடுக்க ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கின்றதாம். அந்த ஊரில் "கைரோபிராக்டர்" என்று சொல்லப்படும் முதுகெலும்பு வைத்தியர்கள் பலர் இருக்கின்றார்களாம். அவர்களிடம் போய்க் கழுத்தெலும்பைத் திருகி நேராக்கிக் கொண்டால் தலைவலி ஓடிப்போகும் என்று அண்டை வீட்டாரும், கூட வேலை செய்கின்றவர்களும் வற்புறுத்துகின்றார்களாம். இரண்டு தடவை நாள் குறித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் வாசற்படியோடு திரும்பி வந்துவிட்டாராம். "படித்தவள், பகுத்தறிவுக்காரி என்று பேசிக்கொள்ளுகிறாய், ஒரு வைத்தியரிடம் கழுத்தைக் காட்ட இவ்வளவு நடுக்கமா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்கின்றாராம். ஆகவே, இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள வழி என்ன என்று கேட்கின்றார்.

வழி சொல்லுவதற்கு முன்பு, அந்தப் பயம் பேய்க்குப் பயப்படும் பயமா, அல்லது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குப் பயப்படும் பயமா என்று பார்க்க வேண்டாமா? பேயைக் கண்டவன் எவனும் இல்லை. கிணற்றில் விழுந்தவன் ஊருக்கு ஒருவனாவது உண்டு. இரண்டு பயத்தையும் ஒரே மருந்தால், அதாவது "தைரியமாய் இரு, நம்பிக்கை வை" என்கின்ற மருந்தால் தீர்க்கப் பார்ப்பது பூசாரியின் தொழிலே ஒழிய, புத்தியுள்ளவன் தொழில் ஆகாது. நம்பினவனுக்குத்தான் பலிக்கும், சந்தேகப்பட்டவனுக்குப் பலிக்காது என்று சொல்லிச் சொல்லித்தானே நம் மக்களை இத்தனை காலம் கேள்வி கேட்காத மரப்பாவைகளாக ஆக்கி வைத்திருந்தார்கள்? அம்மையாருக்கு வாசற்படியில் வந்த நடுக்கம் கோழைத்தனம் அல்ல என்பதே நமது அபிப்பிராயம். அது பதில் கிடைக்காத ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் தேடிக்கொடுத்தால் நடுக்கம் தானே அடங்கும். பதில் மோசமானதாய் இருந்தால், திரும்பி வந்தது சரி என்று ஏற்படும். இரண்டில் எது வந்தாலும் லாபமே.

முதலாவது, வியாதியைப் பற்றி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று எல்லோரும் சொல்லுகின்றோம். ஆனால் அடுத்தவருக்கு வந்த தலைவலியை, அதிலும் பெண்களுக்கு வந்த தலைவலியை, வியாதி என்று ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. 2019-ஆம் வருஷத்து உலகக் கணக்கின்படி, மனிதரை வேலை செய்யவொட்டாமல் முடக்குகின்ற காரணங்களில் ஒற்றைத் தலைவலி இரண்டாவது. இளம் பெண்களுக்குள் அதுவே முதலாவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாய் வருகின்றது. இப்படிப்பட்ட வியாதிக்கு நம் வீடுகளில் நடப்பது என்ன? திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடுவது. சுக்கை அரைத்துப் பற்றுப் போடுவது. அதிலும் போகாவிட்டால் வேப்பிலை அடித்து மந்திரிப்பது. இவை ஒன்றுக்கும் மசியாவிட்டால், கடைசியாக "வேலை செய்ய உடம்பு வளையவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டாள்" என்று மாமியார் சொல்லும் தீர்ப்பு. ஆண் படுத்தால் வியாதி, பெண் படுத்தால் சோம்பல் என்பதை எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதி வைத்திருக்கின்றார்களோ, நமக்குத் தெரியாது.

உண்மையில் இது மூளையையும், முகத்திற்கும் தலைக்கும் உணர்ச்சி கொடுக்கின்ற நரம்பையும் பற்றிய வியாதி. பெரும்பாலும் குடும்ப வழியாய் வருகின்றது. அந்த நரம்பின் முனைகளிலிருந்து கசியும் ஒருவிதப் பொருள் வலியைக் கிளப்பிவிடுகின்றது என்று கண்டுபிடித்து, அதைத் தடுக்கும் ஊசி மருந்துகளும் 2018 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுவிட்டன. இதில் கழுத்து எங்கிருந்து வந்தது என்றால், ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பலருக்கு வலி வரும் முன்பும், வந்த போதும் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழுத்து வலித்த பிறகு தலை வலிப்பதால், கழுத்துத்தான் தலைவலியைக் கொண்டுவந்தது என்று நோயாளி நினைத்துக் கொள்ளுகின்றார். பெரும்பாலும் அந்தக் கழுத்து வலியும் வியாதியின் ஒரு பாகந்தான். முந்தி வருவதெல்லாம் பிந்தி வருவதற்குத் தகப்பன் ஆகிவிடுமா? இந்தத் தவறான எண்ணமே கழுத்து வைத்தியர்களின் கடைக்கு வாசல்படியாய் இருக்கின்றது.

நிற்க, இந்த வைத்தியம் எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டேனியல் டேவிட் பாமர் என்பவர் கனடாவில் 1845-இல் பிறந்து, அமெரிக்காவில் பள்ளிக்கூட வாத்தியாராகவும், தேனீ வளர்ப்பவராகவும், மளிகைக் கடைக்காரராகவும் இருந்து, பிறகு கையில் காந்த சக்தி இருக்கின்றது என்று சொல்லி ஐயோவா மாகாணத்து டாவன்போர்ட் நகரத்தில் வைத்தியம் பார்த்து வந்தவர். 1895-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், அவர் இருந்த கட்டடத்தில் வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்கின்ற நீக்ரோ தொழிலாளியின் முதுகெலும்பை ஒரு தட்டுத் தட்டியதாகவும், 17 வருஷமாய்க் கேளாதிருந்த காது உடனே கேட்டதாகவும் சொன்னார். காதுக்குப் போகும் நரம்போ மண்டைக்குள்ளேயே புறப்பட்டு மண்டைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. முதுகெலும்புப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் பாமர் அதோடு விடவில்லை. மனிதருக்கு வரும் வியாதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முதுகெலும்புக் கணுக்கள் இடம் பிசகுவதால் வருவதே என்று எழுதினார். அம்மை குத்துவதைக் கண்டித்தார். இந்த ஞானம் தமக்கு எப்படிக் கிடைத்தது என்றால், எப்போதோ செத்துப்போன ஜிம் அட்கின்ஸன் என்னும் டாக்டரின் ஆவி வந்து சொல்லிக் கொடுத்தது என்றார்.

1906-இல் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக ஜெயிலுக்கும் போனார். ஜெயிலுக்குப் போனதை நாம் குற்றமாகச் சொல்ல மாட்டோம். போனவர்கள் நம்மிலும் அநேகர் உண்டு. ஆனால் 1911-இல் அவர் எழுதிய ஒரு கடிதந்தான் வேடிக்கையானது. இந்த வைத்தியத்தை ஒரு மதமாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று அதில் யோசனை செய்திருக்கின்றார். மதம் என்று ஆகிவிட்டால் வைத்தியச் சட்டம் கிட்டே வராது என்பதும் அவர் கணக்கு. ஏசு, முகம்மது முதலியவர்கள் வரிசையில் தம்மையும் வைத்துப் பேசினார். நோயைத் தீர்க்க வந்தவர் மதத்திற்குள் போய் ஒளியப் பார்த்ததேன்? மதம் என்ற போர்வைக்குள் புகுந்துகொண்டால் கணக்குக் கேட்பார் இல்லை என்பது நம் நாட்டு மடாதிபதிகளுக்கு மாத்திரமல்ல, ஐயோவாக்காரருக்கும் தெரிந்திருக்கின்றது!

"பிறப்பு இப்படி இருந்தால் என்ன? இன்று அப்படியா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பிறப்பைக் கொண்டு ஒன்றை இழிவு என்று தள்ளுவது நமது கொள்கை அல்ல. இங்கிலீஷ் வைத்தியம் மாத்திரம் என்ன, காய்ச்சல்காரனுக்கு நரம்பைக் கீறி இரத்தத்தை வடியவிட்டுக் கொண்டிருந்த வைத்தியந்தானே? தப்பைப் பரீட்சை செய்து, தப்பு என்று கண்டதும் விட்டுவிட்டதால் அது முன்னுக்கு வந்தது. கைரோபிராக்டர்களிலும் இன்று ஆவிக் கதையைப் பேசாமல், முதுகு இடுப்பு வலியை மாத்திரம் பார்க்கின்ற யோக்கியர்கள் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் ஐம்பது மாகாணங்களிலும் அவர்களுக்கு லைசென்ஸ் உண்டு. 1913-இல் கான்சாஸ் மாகாணம் ஆரம்பித்தது, 1974-இல் லூயிசியானாவோடு முடிந்தது. கீழ்முதுகு வலிக்கு அவர்கள் செய்வது, தேகப்பயிற்சி முதலிய மற்ற சிகிச்சைகளுக்கு ஏறக்குறையச் சமமான குணத்தைக் கொடுக்கின்றது என்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

டாக்டர்கள் பக்கத்து அக்கிரமத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க டாக்டர் சங்கம், தன் அங்கத்தினர் எவரும் கைரோபிராக்டரோடு தொழில் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெகு காலம் தீண்டாமை அனுஷ்டித்து வந்தது. 1976-இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 1987-இல் அது சட்ட விரோதம் என்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. ஆனால் வைத்தியம் பலிக்கின்றது என்று அந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. எந்தக் கோர்ட்டும் சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் நடந்ததும் இதுதான். பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த சைமன் சிங் என்னும் விஞ்ஞான எழுத்தாளர், குழந்தைகளின் ஆஸ்துமா முதலியவற்றை இந்த வைத்தியம் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2008-இல் எழுதினார். அந்த நாட்டுக் கைரோபிராக்டிக் சங்கத்தார் ஆதாரத்தைக் காட்டி அவர் வாயை அடைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 2010-இல் மேல் கோர்ட்டு சிங்குக்கு அனுகூலமாய்ப் பேசின பிறகு வழக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகையால் கோர்ட்டையும் லைசென்ஸையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒற்றைத் தலைவலிக்கு இது பலிக்கின்றதா என்ற ஒன்றை மாத்திரம் பார்ப்போம். நார்வே தேசத்தில் இதைப் பரீட்சை செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 104 நோயாளிகளை மூன்று கூட்டமாய்ப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திற்கு நிஜமான முதுகெலும்பு வைத்தியம். இரண்டாவது கூட்டத்திற்குத் தோள்பட்டையிலும் பிட்டத்திலும் சும்மா அழுத்திவிடும் பொய் வைத்தியம். மூன்றாவது கூட்டத்தார் தாங்கள் வழக்கமாய்ச் சாப்பிடும் மருந்தையே சாப்பிட்டு வந்தார்கள். முதல் இரண்டு கூட்டத்தாருக்கும் மூன்று மாதத்தில் பன்னிரண்டு தடவை சிகிச்சை. தங்களுக்கு நடப்பது நிஜமா பொய்யா என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பெரும்பாலோர் நிஜம் என்றே நினைத்திருந்தார்கள். முடிவு என்ன? மூன்று கூட்டத்தாருக்கும் தலைவலி நாட்கள் குறைந்தன. நிஜ வைத்தியத்திற்கும் பொய் வைத்தியத்திற்கும் வித்தியாசம் காணவில்லை. பின்னால் மருந்துக் கூட்டத்தார் பழைய நிலைமைக்கே திரும்ப, மற்ற இரண்டு கூட்டத்தாருக்கும் குணம் கொஞ்ச காலம் நின்றது. அதிலும் நிஜமும் பொய்யும் ஒன்றுபோலவே நின்றன. ஆகவே குணம் கொடுத்தது எலும்பைத் திருகியது அல்ல. சிகிச்சை கிடைக்கின்றது என்கின்ற எண்ணமே காரணமாய் இருக்கக்கூடும் என்று அதை நடத்தியவர்களே எழுதினார்கள். இது சிறிய பரீட்சைதான். இதற்கு மாறாகப் பெரிய பரீட்சை ஒன்று வந்து வேறு முடிவு சொன்னால் நாமும் மாற்றிக்கொள்ளத் தயார். பரீட்சையே இல்லாமல் "என் மைத்துனிக்குக் குணமாயிற்று" என்பதை மாத்திரம் நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை.

மைத்துனி பொய் சொல்லுகின்றாள் என்றா சொல்லுகின்றோம்? இல்லை. ஒற்றைத் தலைவலி ஏறி இறங்கும் வியாதி. தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோதுதான் எவரும் புது வைத்தியரைத் தேடிப் போவார். ஏறினது எப்படியும் இறங்கத்தான் போகின்றது. இறங்கும்போது யார் பக்கத்தில் இருந்தாரோ அவருக்குக் கீர்த்தி. பழனிக்கு வேண்டிக்கொண்டு பிள்ளையின் காய்ச்சல் இறங்கிற்று என்று மொட்டை போடுகின்றவர்களிடம் நாம் எத்தனை காலமாய்ச் சொல்லி வருகின்ற காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இதுவும். கடல் கடந்து போய் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டதால் கதை மாறிவிடாது. "மடக்" என்று கேட்கும் சத்தமும் அப்படியே. எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நோயாளி பூரித்துப் போகின்றார். விரலை நெட்டி முறிக்கும்போது வருகின்ற அதே சத்தந்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக் குமிழி உண்டாவதால் வருவது. நம்மூர்ச் சவரக் கடையில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து ஒரு திருகுத் திருகுவார்களே, அதைவிட இதில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று முதுகைக் காட்டும் நம்மவர்களைப் பார்த்துச் சிரிக்கும் படிப்பாளிகள், இதற்கு மாத்திரம் காசு கட்டி ஏன் காத்திருக்க வேண்டும்?

இனி அம்மையாரின் நடுக்கத்தில் உள்ள நியாயத்தைச் சொல்லுகின்றோம். கழுத்தெலும்புகளின் இரண்டு பக்கத்துத் துளைகளுக்குள் நுழைந்து மேலே போய், கடைசியில் வளைந்து மூளைக்குள் புகும் இரத்தக் குழாய்கள் இரண்டு உண்டு. கழுத்தைத் திடீரென்று வேகமாய்த் திருகும்போது அந்தக் குழாயின் உள்தோல் கிழிவதுண்டு. கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டி, அக்கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இது அபூர்வம், வெகு அபூர்வம் என்றே சொல்லலாம். குழாய் முன்பே கிழிந்து, அந்த வலிக்காக வைத்தியரிடம் வந்தவர்களும் இக்கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. அதுவும் தள்ளத் தக்கதல்ல. ஆனால் அமெரிக்க இருதய நோய்ச் சங்கத்தார் 2014-இல் இதையெல்லாம் ஆராய்ந்து, கழுத்துத் திருகலுக்கும் இந்தக் கிழிசலுக்கும் சம்பந்தம் காணப்படுகின்றது, ஆதலால் திருகுமுன் நோயாளிக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருக்கின்றார்கள். லாபம் நிரூபணமாகாத காரியத்தில் நஷ்டம் எவ்வளவு சிறியதாய் இருந்தாலும் அது யார் தலையில் விழுகின்றது என்று பார்க்க வேண்டாமா? கேலி செய்த வீட்டுக்காரர் தலையில் விழப் போவதில்லை.

அப்படியானால் ஜனங்கள் ஏன் போகின்றார்கள் என்றால், அதற்குப் பாதிக் காரணம் நமது டாக்டர்களே. பன்னிரண்டு வருஷத்து வலியைச் சொல்ல வந்தவளுக்கு ஐந்து நிமிஷம். அதிலும் பாதி நேரம் டாக்டரின் கண் கம்ப்யூட்டரில். "மனக் கவலையை விடுங்கள், நன்றாய்த் தூங்குங்கள்" என்று ஒரு உபதேசம், ஒரு வலி மாத்திரைச் சீட்டு, அவ்வளவுதான். கைரோபிராக்டரோ அரைமணி நேரம் உட்காரவைத்து, வலி எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டு, கையால் தொட்டுப் பார்க்கின்றார். மனிதரை மனிதராய் நடத்துகின்ற இடத்திற்கு மனிதர் போகத்தான் செய்வார்கள். அந்த மரியாதையைக் கொடுக்கத் தெரியாத டாக்டர்கள், நோயாளி போன இடத்தைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று சீறுவதற்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

அம்மையாருக்கு நமது யோசனை என்னவென்றால், முதலில் தலைவலியைக் கவனித்துப் பார்க்கும் நரம்பு வைத்தியர் ஒருவரிடம் போய், வலி வந்த நாள், நேரம், சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் குறித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ விழுங்கி வந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அம்மையார் எத்தனை விழுங்குகின்றார் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. ஒற்றைத் தலைவலிக்கென்றே ஏற்பட்ட சுமாட்ரிப்டான் வகை மருந்துகள் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கின்றன. இருதய நோய் உள்ளவர்களுக்கு அவை ஆகாது, மற்றவர்களில் அநேகருக்கு வலியை அடக்குகின்றன. வராமலே தடுக்கும் மருந்துகளும் பலவிதம் உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் இவற்றில் ஒன்றையாவது எவரும் தமக்குச் சொன்னதில்லை என்று அவர் எழுதியிருப்பதுதான், கடிதம் முழுவதிலும் நமக்கு மிகவும் ஆத்திரம் மூட்டிய சங்கதி. மற்றும், வலி ஒருநாளும் இல்லாத மாதிரி திடீரென்று இடி விழுந்ததுபோல் வந்தாலும், கை கால் மரத்தாலும், பேச்சுக் குழறினாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், நோட்டையும் தேட வேண்டாம், நம் பத்திரிகையையும் தேட வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, கைரோபிராக்டரையும் ஒருமுறை பார்த்துவிடத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் தாராளமாய்ப் போகட்டும். நாம் தடை உத்தரவு போடுகின்றவர்கள் அல்ல. அவர் கழுத்து அவருக்குச் சொந்தம். ஆனால் கட்டில்மேல் படுக்குமுன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்கட்டும்: என்னுடைய ஒற்றைத் தலைவலிக்கு இது பலிக்கும் என்பதற்கு என்ன ருஜு வைத்திருக்கின்றீர்கள்? கழுத்தைத் திருகாமல் உங்களால் என்ன செய்ய முடியும்? திருகினால் என்ன அபாயம் வரக்கூடும்? எத்தனை தடவையில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்பீர்கள்? யோக்கியமான வைத்தியர் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார். "கழுத்தைத் தொடாதீர்கள்" என்றால் தொட மாட்டார். ஒருவேளை அவரே, இது என்னிடம் வர வேண்டிய வியாதி அல்ல என்று சொல்லியும் அனுப்பக் கூடும். நாற்பது தடவைக்கு மொத்தமாய் முன்பணம் கட்டச் சொல்லுகின்றவரும், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லுகின்றவரும், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா, அவர்கள் முதுகெலும்பும் பிசகியிருக்கும் என்கின்றவரும் வேறு ஜாதி. அவர்கள் வாசற்படியில் கால் நடுங்கினால் அந்தக் காலுக்கு நாம் வந்தனம் சொல்லுவோம்.

வீட்டுக்காரத் தோழருக்கும் ஒன்று. அடுத்த தடவை தலைவலி வந்து அம்மையார் ஜன்னலை அடைக்கும்போது, கேலியை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அன்றைய சமையலையும், பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். நரம்பு வைத்தியரிடம் போகும் நாளில் கூடப் போய், தாம் கண்ணால் கண்டதையும் சொல்லட்டும்.

இதற்கு மறுப்பு எழுத விரும்பும் கைரோபிராக்டர் தோழர்கள் எவரேனும் இருந்தால், ஆதாரத்தோடு எழுதி அனுப்பினால் ஒரு வரிகூடக் குறைக்காமல் வெளியிடக் காத்திருக்கின்றோம். அம்மையாரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு நடந்ததை எழுத வேண்டுகின்றோம்.